தவிடும் தாழ்ப்பாளும்

"ஏல, வெளிக்கிப் போனியா?"

காலையில் ஆச்சி கேட்கும் முதல் கேள்வி அதுதான். 1970களில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, சாரல் காலத்தில் ஓட்டு வீட்டுச் சுவர்கள் பச்சை பிடித்துக் கிடக்கும் ஒரு தெருவில் எங்கள் வீடு இருந்தது. பல் தேய்த்தாயா, பாடம் எழுதினாயா என்பதெல்லாம் பிற்பாடு. போனேன் என்றால் கருப்பட்டிக் காப்பி உடனே கைக்கு வரும். இல்லை என்றால் முதலில் ஒரு செம்பு வெந்நீர், முற்றத்தில் நாலு சுற்று நடை, பிறகுதான் காப்பி. இரண்டாம் நாளும் இல்லை என்றால் மதியச் சோற்றில் கீரைத்தண்டு கூடும். படுக்கும்முன் இரண்டு நாட்டு வாழைப்பழம். மூன்றாம் நாள் விளக்கெண்ணெய்ச் சீசா பரணிலிருந்து இறங்கும்.

இன்று அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் பிள்ளைகள் கூசுகிறார்கள். தென்காசி பழைய பேருந்து நிலையப் பக்கம் மருந்துக்கடையில் சற்று நேரம் நின்றால், கூட்டம் குறையட்டும் என்று ஒதுங்கி நிற்கும் ஒருவரையாவது பார்க்கலாம். பிறகு நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்தி, "வயிறு இறுகிக் கெடக்கு, ஒரு மாத்திரை குடுங்க" என்பார். ஆச்சி முற்றத்தில் சத்தமாகக் கேட்டதை இவர் கடையில் மெல்லச் சொல்கிறார். நடுவே கழிந்த ஐம்பது ஆண்டுகளில் தட்டும் மாறியது, உடல் உழைப்பும் மாறியது, போகும் இடமும் மாறியது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். தினமும் ஒருமுறை போயே ஆகவேண்டும் என்பது ஆச்சியின் கணக்கு. மருத்துவத்தின் கணக்கு அவ்வளவு கெடுபிடியானதல்ல. நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்புதான். வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவாகப் போவதும், போகும்போது முக்கித் திணற வேண்டியிருப்பதும், மலம் ஆட்டுப் புழுக்கைபோல் உருண்டு வருவதும், போன பிறகும் மிச்சம் இருப்பதுபோன்ற உணர்வும் தொடர்ந்தால் அது மலச்சிக்கல். நடப்பது எளிய காரியம். சிறுகுடலிலிருந்து நாளுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீர்த்த கலவை பெருங்குடலுக்கு வருகிறது. பெருங்குடல் அதன் நீரை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிக்கொள்கிறது. அங்கே தங்கும் நேரம் கூடக்கூட மலம் காயும். நார் இருந்தால் அது நீரைப் பிடித்துவைத்து, பருமனைக் கூட்டி, குடலை நகரத் தூண்டும். நார் இல்லாவிட்டால் குடலுக்குத் தள்ளுவதற்குப் பொருள் இல்லை.

அந்த நார் எங்கள் வீட்டை விட்டு மூன்று தலைமுறையில் வெளியேறியது. ஆச்சி மணமாகி வந்தபோது நெல்லை உரலில் குத்தினார்கள். உமி போகும், தவிடு பெரும்பாலும் தங்கும். என் சிறுவயதில் தெருமுனை மில்லில் அரைத்து வந்தோம். தவிடு தனிப் பையில், மாட்டுக்கு. இன்று பாவூர்சத்திரம் கடையில் வாங்கும் அரிசி பளிங்குபோல் வழுக்குகிறது; அதில் பிரித்தெடுக்கத் தவிடே மிச்சம் இல்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுப் பகுப்பாய்வு அட்டவணையில் 100 கிராம் தீட்டாத அரிசியில் சுமார் நாலரை கிராம் நார், தீட்டிய அரிசியில் மூன்று கிராமுக்கும் குறைவு. கம்பில் பதினொன்றரை, கேழ்வரகில் பதினொன்று, சோளத்தில் பத்து. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டு உறவினர்கள் வந்தால், எங்கள் நெல்லுச்சோற்றைப் பார்த்து, எங்களுக்கு இது நாள்கிழமைக்குத்தான் என்பார்கள். அவர்கள் வீட்டில் அன்றாடம் கம்மங்கூழும் சோளச்சோறும். அதை ஏழ்மையின் அடையாளமாக நினைத்தோம். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். இன்று அவர்கள் வீட்டிலும் வெள்ளைச் சோறுதான். வயிறார நெல்லுச்சோறு கிடைப்பதை நான் இழப்பு என்று சொல்ல மாட்டேன். பசிக்குப் பயந்து வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் தட்டிலிருந்து போன நாரை ஈடுகட்ட அதே தட்டுக்கு வேறெதுவும் வரவில்லை.

உளுந்தையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் உளுந்தஞ்சோறு தோலோடுதான் வேகும். தேங்காயும் பூண்டும் வெந்தயமும் சேர, கருத்த நிறத்தில் இலைக்கு வரும். தோலுள்ள உளுந்தில் 100 கிராமுக்கு இருபது கிராம் நார், தோல் நீக்கிய பருப்பில் பன்னிரண்டு. இன்று வெள்ளை உளுந்து பார்வைக்கு நன்றாயிருக்கிறது என்பதற்காக, எட்டு கிராமைத் தோலோடு கழித்துவிடுகிறோம்.

பிறகு மைதா. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. அதற்கும் தென்காசிக்கும் இடையே பிரானூரில் எல்லை. அந்த எல்லையின் பெயரைத் தாங்கிய பார்டர் புரோட்டாவைத் தின்ன இன்று வெளியூரிலிருந்து கார் பிடித்து வருகிறார்கள். நானும் விரும்பித் தின்பவன்தான். எங்கள் காலத்தில் அது சீசனுக்கு ஒருமுறை, ஊரிலிருந்து மாமா வந்தால் ஒருமுறை. இன்று தென்காசியில் எந்தத் தெருவிலும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்லில் புரோட்டா புரள்கிறது. பலருக்கு அதுவே வாரத்தில் நாலு நாள் இரவுச் சாப்பாடு. 100 கிராம் மைதாவில் மூன்று கிராம்கூட நார் இல்லை. அதே கோதுமையை முழுதாக அரைத்தால் பதினொன்று இருக்கிறது. 2,000 கலோரி உண்பவருக்குச் சுமார் 30 கிராம் நார் வேண்டும் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. இரண்டு வேளை பளிங்கு அரிசி, ஒரு வேளை மைதா, தொட்டுக்கொள்ளச் சால்னா என்று ஓடும் நாளில் அதில் பாதியை எட்டுவதே கடினம்.

டெனிஸ் பர்க்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் பல ஆண்டுகள் உகாண்டாவில் வேலை பார்த்தவர். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1972-இல் லான்செட் இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். உகாண்டா கிராமத்தவருக்கு உணவு வாய்க்குள் போய் வெளியேறச் சுமார் 36 மணி நேரம், ஒரு நாள் மலம் 470 கிராம். இங்கிலாந்துக் கடற்படையினருக்கு 83 மணி நேரம், 104 கிராம். அந்த அட்டவணையின் நடுவில் தென்னிந்தியச் செவிலியர் சிலரும் இருந்தார்கள்: 44 மணி நேரம், 155 கிராம். அந்த வரியில் நிற்கும் பெண்கள் எந்த ஊரைச் சேர்ந்தவர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் சாப்பிட்டது என் அம்மாவின் வயதுக்காரர்களின் சாப்பாடு. இன்று அதே அளவீட்டை எங்கள் தெருவில் எடுத்தால் எண்கள் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்க எனக்கு ஆராய்ச்சி தேவையில்லை.

மருந்தின் கதை இந்தச் சீமைக்கே உரியது. நிலாவாரை என்று ஒரு செடி. மஞ்சள் பூ, சிறு இலை, தட்டையான காய். அரேபியாவின் வறண்ட மண்ணுக்குரிய அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பகுதியில் ஹியூஸ் என்ற ஆங்கில வணிகர் பயிரிடச் செய்தார். மானாவாரி நிலத்தில், அதிகக் கவனிப்பில்லாமல் அது வளர்ந்தது. இலை தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியது. ஐரோப்பிய மருந்து நூல்களில் 'தின்னவேலி சென்னா' என்றே பெயர் பதிந்தது. அலெக்சாந்திரியச் சென்னாவுக்கு இணையாக உலகம் முழுவதும் மலமிளக்க நம் ஊர்ப் பெயர் புழங்கியது. 1941-இல் ஸ்விட்சர்லாந்தில் ஸ்டோல் குழுவினர் அதிலுள்ள சென்னோசைடு என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது வயிற்றில் செயல்படுவதில்லை. பெருங்குடல்வரை அப்படியே இறங்கி, அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதை உடைத்த பிறகே குடற்சுவரைத் தூண்டும். ராத்திரி குடித்தால் காலையில் வேலை செய்வது அதனால்தான்.

என் சிறுவயதில் தென்காசி நாட்டுமருந்துக் கடையில் இந்த இலையைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். ஆச்சி ஒரு கை இலையை ரோஜா மொட்டும் சுக்கும் சேர்த்து வெந்நீரில் போட்டு மூடிவைப்பாள். கசப்பும் வழவழப்புமாகத் தொண்டையில் இறங்கும். இன்று அதே இலை மாத்திரையாகி, அலுமினியத் தாளுக்குள் அடங்கி, மருந்துக்கடைக்கு வந்து சேர்கிறது. அளவு துல்லியம், தூசி இல்லை, கொதிக்கவைக்க வேண்டாம். இதெல்லாம் லாபம். நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இலைக்கு முன்னால் வெந்நீர், நடை, கீரைத்தண்டு, பழம் என்று நாலு படிகள் இருந்தன. மாத்திரைக்கு முன்னால் ஒரு படியும் இல்லை. தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி பேதி மருந்தை நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்றே வைக்கிறது. இன்று தினசரி போட்டுக்கொள்பவர்களை எனக்குத் தெரியும். மருத்துவர் சொல்லாமல் தூண்டு மருந்தை நாள்தோறும் விழுங்கினால் வயிறு முறுக்கும், அளவு மீறினால் பொட்டாசியம் குறையும். அதைவிட முக்கியமாக, எதனால் இறுகுகிறது என்ற கேள்வியே எழாமல் போய்விடும்.

கடுக்காய் இன்னும் பழையது. குற்றாலநாதர் கோயிலில் அர்த்தசாமப் பூசையில் சுவாமிக்குச் சுக்கு, மிளகு, கடுக்காய் சேர்த்த கஷாயம் நைவேத்தியம். அருவிக் குளிர் சுவாமிக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே என்ற பரிவு அது, வயிற்றுக்காக அல்ல. ஆனால் சாமிக்குப் படைக்கும் பொருள் வீட்டுப் பெட்டியிலும் இருந்தது. நெல்லி, தான்றி, கடுக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலா எங்கள் தெருவில் பலர் வீட்டில் தூளாக இருக்கும்.

பழையதையெல்லாம் தூக்கிப் பிடிக்க எனக்கு மனமில்லை. கைக்குழந்தையின் மூக்கைப் பிடித்து, வாயைத் திறக்கவைத்து விளக்கெண்ணெய் ஊற்றியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். குழந்தை திணறும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து; பேதி மிஞ்சினால் சிறு உடம்பில் நீர் வற்றிப்போகும். அந்த வழக்கம் குறைந்தது நல்லது. குழந்தைகளுக்குச் சிக்கல் வரும் வழி வேறு. ஒருமுறை இறுகி, வலியோடு போன குழந்தை அடுத்த முறை பயந்து அடக்கும். அடக்க அடக்க இன்னும் இறுகும். அந்த வட்டத்தை உடைப்பது மிரட்டலால் முடியாது. சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் அமைதியாக உட்காரவைப்பது, நீர், பழம், தேவையென்றால் குழந்தை மருத்துவர் தரும் மென்மையான மருந்து இவைதான் உதவும்.

உழைப்பின் மாற்றம் தென்காசி மாவட்டத்தில் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. சிற்றாற்றுப் பாசனத்தில் நடவு, களை, அறுப்பு என்று குனிந்து நிமிர்ந்த பெண்களின் பேத்திகள் கடையத்திலும் ஆலங்குளத்திலும் திண்ணையில் பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயிரம் பீடி முடிய எட்டு மணி நேரமும் ஆகலாம், பத்தும் ஆகலாம். எழுந்தால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். தண்ணீர் குடித்தால் எழ வேண்டும், அதனால் குடிப்பதில்லை. வெயிலில் வெந்தது போய் நிழலில் கூலி வந்தது, வீட்டில் இருந்தபடியே பிள்ளையையும் பார்த்துக்கொள்ள முடிந்தது. அவர்களே அப்படிச் சொல்வார்கள். ஆனால் குடல் உட்கார்ந்தே இருக்கும் உடம்போடு சேர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. கணினி முன் வேலை பார்க்கும் என் மகனின் நிலையும் இதுதான். திண்ணைக்குப் பதில் நாற்காலி.

இனிச் சொல்லப்போவது அன்றையப் பெருமையைக் கலைத்துவிடும். ஆனால் சொல்லாவிட்டால் மேலே எழுதியது எல்லாம் பாதிப் பொய்யாகிவிடும்.

"வெளிக்கி" என்ற சொல்லே வெளியைக் குறிப்பது. ஆண்களுக்கு ஆற்றங்கரை, தோப்பு, குளத்து மேடு. எந்த நேரமும் போகலாம். பெண்களுக்கு இருட்டு மட்டுமே. விடியுமுன் நாலரைக்கு, அல்லது விளக்கு வைத்த பிறகு. அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அத்தை என்று நாலைந்து பேர் சேர்ந்து அரிக்கேன் விளக்கோடு போவார்கள். நடுப்பகலில் வயிறு கேட்டால் அடக்க வேண்டியதுதான். அடக்க வேண்டியிருக்கும் என்பதால் மதியத்துக்குப் பிறகு அம்மா தண்ணீர் குடிக்கமாட்டாள். சித்த மருத்துவம் அடக்கக்கூடாத பதினான்கு வேகங்களில் மலத்தையும் ஒன்றாகச் சொல்கிறது. அந்த அறிவு வீட்டில் இருந்தது. அதைப் பின்பற்ற இடம் பெண்களுக்கு இல்லை. கீரைத்தண்டும் தோலுளுந்தும் தின்ற அம்மாவுக்கு மூலம் வந்தது. ஆச்சியின் காலைக் கேள்வி பேரனான என்னிடம்தான் வந்தது. மருமகளிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஊருக்குள் வசதியான வீடுகளில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. அங்கே அடக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அதைச் சுத்தம் செய்ய விடிகாலையில் கொல்லைவழியாக ஒரு பெண் வாளியோடும் தகரத்தோடும் வருவாள். ஒரு வீட்டின் வசதி இன்னொருவர் கையின் மேல் நின்றது. அதைத் தடைசெய்யும் சட்டம் 1993-இல் வந்தது. இன்னும் கடுமையாக 2013-இல் வந்தது. இந்தச் சட்டங்களுக்கு முன்பிருந்த எந்தக் காலையையும் பொற்காலம் என்று எழுத என் கை வரவில்லை.

எங்கள் வீட்டில் கழிப்பறை வந்தது 1984-இல். தரையோடு பதித்த பீங்கான், தகரக் கதவு, உள்ளே ஒரு தாழ்ப்பாள். குந்தி உட்காரும் பழைய இருப்பும் காக்கப்பட்டது, மறைவும் கிடைத்தது. குந்தி உட்காரும்போது மலக்குடலைக் கவண்போல் இழுத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து, வளைந்த பாதை நேராகிறது. அதனால் முக்க வேண்டியது குறைகிறது. இப்போது கட்டும் வீடுகளில் மேல்நாட்டுக் கோப்பைதான் வைக்கிறார்கள். மூட்டுவலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது வரம். மற்றவர்கள் காலுக்கடியில் ஒரு சிறு முக்காலி வைத்து, முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி சற்று முன்சாய்ந்து உட்கார்ந்தால் பழைய இருப்பின் பலன் பெரும்பாலும் கிடைத்துவிடும். கைபேசியை மட்டும் வெளியே வைத்துவிட்டுப் போகலாம். அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்தால் ஆசனவாய் ரத்தநாளங்களின் மேல்தான் பாரம்.

சீசன் நாட்களில் குற்றாலத்தில் இது எல்லாம் ஒரே இடத்தில் கூடுகிறது. ராத்திரி முழுக்கப் பேருந்தில் வந்தவர்கள், வழியில் அடக்கியவர்கள். சாரலில் தாகம் தெரியாது, எனவே தண்ணீரும் குடிப்பதில்லை. அருவியில் குளித்துவிட்டு வந்தால் கொலைப்பசி. கைக்கெட்டும் தூரத்தில் புரோட்டா. காலை எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும் குடல் தானாக அசையும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் கட்டணக் கழிப்பிட வரிசையில் நிற்கிறார்கள், அல்லது வரிசையைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து பத்தடியில் மங்குஸ்தான், ரம்புட்டான், பலா, கொய்யா என்று கூறு கட்டி வைத்திருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் போட்ட வாசனைப்பயிர்த் தோட்டங்களோடு வந்த மங்குஸ்தானுக்குத்தான் கிராக்கி. 100 கிராமுக்கு எட்டரை கிராம் நார் உள்ள கொய்யா எளிய பழம் என்று ஓரத்தில் கிடக்கிறது.

பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்க, தனியே வாழும் முதியவர்கள்தான் இன்று எங்கள் தெருவில் அதிகம். பல் இல்லை, கீரைத்தண்டை மெல்ல முடியாது. குழைந்த சோறு, பால், டீயில் நனைத்த ரொட்டி. கூடவே இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, சில வகை ரத்த அழுத்த மாத்திரை, வலிமாத்திரை. இவற்றில் பலவும் மலத்தை இறுக்கக்கூடியவை. தைராய்டு குறைவும் சர்க்கரையும்கூட அப்படித்தான். வெறும் சாப்பாட்டைக் குறைசொல்லி முடித்துவிட முடியாது. மருந்துச்சீட்டையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத மெலிவு, ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மாறிய வழக்கம், வாந்தியோடு வயிறு உப்பல் இருந்தால் நிலாவாரையும் வேண்டாம், கடுக்காயும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆச்சியின் தங்கை அப்படி ஒரு வருடம் கஷாயம் குடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பார்த்தபோது குடலில் கட்டி. இன்று குடல் உள்நோக்கிப் பரிசோதனை திருநெல்வேலியிலேயே செய்துகொள்ளலாம்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. மாத்திரைகளை மருத்துவர் மாற்றித் தந்தார். கீரையை மசித்துக் கொடுக்கிறோம், பப்பாளியை நறுக்கிக் கொடுக்கிறோம்; தோலுளுந்தைக் கஞ்சியாக வைத்தால் குடித்துவிடுகிறாள். மதியத்துக்குப் பிறகும் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பழக்க ஒரு வருடம் ஆயிற்று. ஒன்று மட்டும் மாறவில்லை. நாலரை மணிக்கு விழித்துவிடுகிறாள். இன்னும் நேரம் இருக்கிறது, படுத்துக்கொள்ளம்மா என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்பதில்லை. சுவரைப் பிடித்தபடி பத்தடி நடப்பாள். சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்கும். பிறகு தாழ்ப்பாள் போடும் சத்தம். வெளியே அப்போதும் இருட்டாகத்தான் இருக்கும்.